அழுத்தமா, குளிர்ச்சியா?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டுச் சமையலறை. புதிதாக வந்திறங்கிய 14 கிலோ கேஸ் தோம்பை லேசாக அசைத்தால், உள்ளே தண்ணீர் தளும்புவது போலிருக்கும். அடுப்பில் எரிவது வாயு. தோம்பில் இருப்பதோ திரவம். வாயுவைத் திரவமாக்கியது எது? அழுத்தமா, குளிர்ச்சியா? இந்த வழக்கு தீர விஞ்ஞானிகளுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

1823இல் லண்டனில் மைக்கேல் பாரடே, குளோரின் சேர்ந்த படிகத்தை வளைந்த கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஒரு முனையைச் சூடாக்கினார். வெளியேற வழியில்லாத குளோரின், தன் அழுத்தத்தாலேயே குளிர்ந்த மறுமுனையில் எண்ணெய்த் துளிபோல் திரண்டது. பிறகு அவரே அழுத்தத்தோடு கடுங்குளிரையும் சேர்த்துப் பல வாயுக்களை வழிக்குக் கொண்டு வந்தார். ஆறு மட்டும் மசியவில்லை: ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, மீத்தேன். 'நிரந்தர வாயுக்கள்' என்று சொல்லி அவற்றை ஒதுக்கி வைத்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ். கரியமில வாயு சுமார் 31 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் அழுத்தத்துக்குப் பணிந்து திரவமாகிறது. அதைத் தாண்டினால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாவதில்லை என்று 1869இல் அறிவித்தார். ஒவ்வொரு வாயுவுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அதுதான் மாறுநிலை வெப்பநிலை. அழுத்தம் மூலக்கூறுகளை நெருக்கி நிறுத்தும். ஆனால் சூட்டில் அவை துள்ளி ஓடும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முடியாது. ஓட்டத்தை அடக்குவது குளிர்ச்சிதான்.

பெல்பாஸ்ட் குளிருக்கு 31 டிகிரி பெரிய விஷயம். கிள்ளான் நண்பகலுக்கோ அது சர்வசாதாரணம். வெயிலில் காயும் கரியமில வாயுத் தீயணைப்புக் கருவிக்குள் அப்போது திரவமே இருக்காது, அழுத்தம் எகிறியிருக்கும். அதனால்தான் அதை நிழலில் வைக்கச் சொல்கிறார்கள்.

ஆண்ட்ரூஸ் காட்டிய வழியில் 1877இல் பிரான்சின் கையேத்தேயும் ஜெனிவாவின் பிக்தேயும் தனித்தனியே ஆக்சிஜனைக் குளிர வைத்துப் பணிய வைத்தார்கள். 'நிரந்தரம்' என்ற பெயர் பொய்த்தது.

அந்த ஆறில் ஒன்றான மீத்தேன்தான் இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி. அதன் எல்லை சுழியத்துக்குக் கீழே சுமார் 82 டிகிரி. நம் நாட்டு வெப்பத்தில் எத்தனை எந்திரம் வைத்து அழுத்தினாலும் பயனில்லை. சரவாக்கின் பிந்துலுவில் அதைச் சுழியத்துக்குக் கீழே சுமார் 160 டிகிரி வரை குளிர வைத்து, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கி, 1983இல் ஜப்பானுக்குக் கப்பலேற்றத் தொடங்கினார்கள்.

வீட்டுத் தோம்பின் கதை வேறு. புரோப்பேனின் எல்லை சுமார் 97 டிகிரி, பியூட்டேனின் எல்லை சுமார் 152 டிகிரி. நம் வெயில் அவற்றுக்குக் குளிர்ச்சிதான். அழுத்தம் மட்டுமே போதும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது இரும்புச் சுவரும் ஒரு சிறு வால்வும். ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கி நெருப்புக்குக் காத்திருக்கும். தோம்பைப் படுக்க வைத்தால் வால்வுக்குத் திரவமே வந்துவிடும்.

தீர்ப்பு இதுதான்: முதலில் குளிர்ச்சி எல்லையைக் கடக்க வேண்டும்; பிறகே அழுத்தம் வேலை செய்யும். சமையலறையில் முதல் பாதியை இயற்கையே முடித்து வைத்திருக்கிறது. தோம்பை நிமிர்த்தி வைத்து, வால்வை மூடி, சன்னலைத் திறந்து வைப்பது வீட்டாரின் பங்கு.