ஈகை, மலையகக் கிறிஸ்தவத்தில்

ஏழைக்குக் கொடுப்பது விருப்பமல்ல, கடமை என்பது கிறிஸ்தவ போதனை. இலங்கை மலையகத் தோட்டங்களில் அது கல்வியாகவும் வந்தது: 1854இல் தொடங்கிய ஆங்கிலிக்கன் தமிழ்க் கூலி மிஷன் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தியது.

கொடுப்பவர் வசதி படைத்தவராக இருக்க வேண்டியதில்லை. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் ஒதுக்கி, சேர்ந்ததைக் கோயிலில் கொடுக்கும் ‘பிடி அரிசி’ தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். இல்லாதவரின் அடுப்படியிலிருந்து வருவதாலேயே அதற்குத் தனி மதிப்பு.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உரிமை பறிபோனவருக்கு அரிசி மட்டும் போதாது. இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் நிறுவிய சத்யோதய நிலையம், தோட்ட மக்களின் உரிமைகளுக்காகவும் இன நல்லுறவுக்காகவும் உழைத்தது.