வைக்கோல்போரும் மண்கரையும்: ஒரு பாடக்கதையின் வரலாறு

சுனாமி என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் முதன்முதலாகக் கேட்டதே 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான். அந்தச் சொல் பிறந்த ஜப்பானிலோ, அதைப் பற்றிய கதை ஒன்று 1937-லேயே ஐந்தாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. கதையின் பெயர் 'இனாமுரா நோ ஹி'. கதிர்ப்போரில் இட்ட தீ என்று பொருள்.

கதை இதுதான். மேட்டுநிலத்தில் வாழும் கோஹேய் என்ற பெரியவர் ஒருநாள் மாலை நிலநடுக்கத்தை உணர்கிறார். கீழே கடற்கரைக் கிராமத்தில் எல்லோரும் திருவிழா ஏற்பாட்டில் இருக்கிறார்கள். கடல் உள்வாங்குவது பெரியவர் கண்ணில் மட்டும் படுகிறது. ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. அறுத்து அடுக்கியிருந்த தன் கதிர்ப்போர்கள் அத்தனைக்கும் தீ வைக்கிறார். தீயை அணைக்க ஊரே மேட்டுக்கு ஓடிவருகிறது. வந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்போது கிராமத்தைக் கடல் விழுங்குகிறது. எல்லோரும் பெரியவர் முன் மண்டியிடுகிறார்கள். அத்துடன் பாடம் முடிகிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆனால் நடந்தது சற்று வேறு.

உண்மை நாயகர் ஹமகுச்சி கோர்யோ. ஊர், இன்றைய வாகயாமா மாகாணத்தில் உள்ள ஹிரோ. 1854 டிசம்பர் 24 அன்று பேரலை வந்தபோது அவருக்கு வயது 34. அவர் முனிவரும் அல்ல, கிழவரும் அல்ல. சோயா சாஸ் வியாபாரக் குடும்பத்தின் தலைவர். அலை வருவதை முன்பே அறிந்து தீ வைக்கவும் இல்லை. அலையில் அவரே சிக்கி, எப்படியோ மேட்டுக்கு வந்து சேர்ந்தார். இருட்டில் வழி தெரியாமல் தத்தளித்தவர்களுக்காகத்தான் வயலில் இருந்த போர்களைக் கொளுத்தச் சொன்னார். எரிந்தவை கதிரடித்து முடித்த வைக்கோல்போர்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பலர் மேட்டில் இருந்த கோயிலுக்கு வந்து பிழைத்தார்கள். ஊரில் இறந்தவர்கள் சுமார் 30 பேர்.

கோர்யோ செய்த பெரிய வேலை அந்த இரவுக்குப் பிறகு தொடங்கியது. வீடு, படகு, வலை எல்லாம் போனதால் மக்கள் ஊரைவிட்டே கிளம்பத் தயாரானார்கள். அவர் அரிசி கொடுத்தார், வீடுகள் கட்டிக்கொடுத்தார். ஆனால் தானம் எத்தனை நாளைக்கு ஓடும்? எனவே கடலோரத்தில் மண்கரை எழுப்பும் வேலையைத் தொடங்கி, ஊர்மக்களுக்கே கூலி கொடுத்தார். 1855 முதல் 1858 வரை நடந்த அந்த வேலையில் எழுந்த கரையின் உயரம் 5 மீட்டர், நீளம் சுமார் 600 மீட்டர். மொத்தம் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆள்நாள் உழைப்பு. பணம் பெரும்பாலும் அவர் சொந்தப் பணம். ஒரே செலவில் இரண்டு பலன்: இன்றைக்குக் கூலி, நாளைக்குப் பாதுகாப்பு.

அந்த 'நாளை' 88 ஆண்டுகள் கழித்து 1946 டிசம்பர் 21-ல் வந்தது. மறுபடியும் நிலநடுக்கம், மறுபடியும் சுனாமி. கரைக்கு உட்புறம் இருந்த ஊரின் பெரும்பகுதி தப்பியது. கரையைக் கட்டியவர்கள் அப்போது உயிரோடு இல்லை.

அப்படியானால் பாடப்புத்தகக் கதை எங்கிருந்து வந்தது? 1896-ல் வடகிழக்கு ஜப்பானில் சுனாமியால் சுமார் 22 ஆயிரம் பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தின் சூட்டில், ஜப்பானில் குடியேறிய எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன், ஹமகுச்சியின் செயலைக் கதையாக்கி 1897-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இளைஞர் கிழவரானதும், வைக்கோல் கதிரானதும் அதில்தான். அதே வாகயாமாவைச் சேர்ந்த நகாய் சுனேசோ என்ற பள்ளி ஆசிரியர் அதைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதினார். 1947 வரை அது பாடமாக இருந்தது.

கதையில் கலந்த கற்பனையைப் பெரிய குறையாகச் சொல்ல முடியாது. நிலம் ஆடினால் மேட்டுக்கு ஓடு, பொருளைவிட உயிர் பெரிது என்ற இரண்டும் பிள்ளைகள் மனதில் பதிந்தன. குறை விடுபட்ட பாதியில்தான் இருக்கிறது. கதிரை எரித்த பெரியவரைக் கேட்ட பிள்ளை கைகூப்பும். நான்கு வருடம் மண் சுமந்த ஊரைக் கேட்ட பிள்ளை, "நானும் சுமக்கலாமே" என்று நினைக்கும். முதல் கதையில் காப்பாற்றுபவர் ஒருவர், மற்றவர்கள் காப்பாற்றப்படுபவர்கள். இரண்டாவது கதையில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

விடுபட்ட பாதி பாடப்புத்தகத்துக்கு வர 2011 ஆனது. அந்த ஏப்ரலில் வந்த புதிய ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஒன்றில் கோர்யோவின் வாழ்க்கை கரையோடு சேர்த்து இடம்பெற்றது. புத்தகம் முன்பே தயாராகிவிட்டது. ஆனால் அது வகுப்பறைக்குப் போகும் முன், மார்ச் 11-ல் மாபெரும் சுனாமி வந்துவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18 ஆயிரத்துக்கும் மேல்.

அன்று கமாயிஷி நகரின் உனோசுமாய் பகுதியில் நடந்தது, பிள்ளைகளுக்கு எப்படிக் கற்றுத்தருவது என்பதற்கு இன்னொரு பதில். அந்த நகரப் பள்ளிகளில் பேராசிரியர் டோஷிடாகா கதாடா சில ஆண்டுகளாகப் பயிற்சி தந்துவந்தார். அவர் சொன்னவை மூன்று: கணிப்பை நம்பி இருந்துவிடாதே, முடிந்த அளவு முயற்சி செய், நீ முதலில் ஓடு. நடுநிலைப்பள்ளி மாணவர்கள் முதலில் ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். ஒதுங்கிய இடம் போதாது என்று தெரிந்ததும், சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். அங்கே பள்ளியில் இருந்த சுமார் 570 பிள்ளைகள் பிழைத்தார்கள். இதில் கோஹேய் போன்ற பெரியவர் யாரும் இல்லை. தீயும் அவர்களே, ஊரும் அவர்களே.

2015-ல் ஐ.நா. சபை நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. ஹிரோ பேரலை வந்த நாள், பழைய ஜப்பானிய நாட்காட்டியில் பதினோராம் மாதம் 5-ஆம் தேதி. ஆனால் அந்த ஊர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1903-லேயே சுனாமி விழாவைத் தொடங்கிவிட்டது. அந்த விழாவில் பள்ளிப் பிள்ளைகள் மண் எடுத்து வந்து கோர்யோவின் கரைமேல் போடுகிறார்கள். ஒரு பிள்ளை போடும் மண்ணால் கரை உயர்ந்துவிடாது. ஆனால் இந்தக் கரை யாருடைய பொறுப்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.