குடும்பத்தைப் படிப்பவர்கள்: ஒரு பட்டத்தின் முன்கதை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'குடும்ப, சமூக மனித சேவைகள்' என்றொரு பட்டப்படிப்பு உண்டு. பெயரைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். அடுத்த வீட்டுச் சண்டையை விலக்கிவிடுவது, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் ஆக்கிப் போடுவது, குடித்துவிட்டு விழுந்து கிடப்பவனைத் தூக்கிப் படுக்கவைப்பது — இதுக்கெல்லாமா டிகிரி? சிரித்து முடித்த பிறகு கேள்வி வேறாகிறது. எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்று எப்போது, யாருடைய தேவைக்காகச் சிலருக்கு மட்டுமே உரிய 'அறிவு' ஆனது?

1877இல் பஃபலோ நகரில் தர்மத்தை ஒழுங்குபடுத்துவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. மற்ற நகரங்களும் பின்தொடர்ந்தன. ஒரே ஆள் நாலு இடத்தில் உதவி வாங்கிவிடக் கூடாது. 'தகுதியுள்ள' ஏழையை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வேண்டும் என்பது அவற்றின் கவலை. வசதியான வீட்டுப் பெண்கள் ஏழைகளின் வீடுகளுக்குப் போனார்கள், பார்த்தார்கள், எழுதிக்கொண்டார்கள். இவர்களைப் பயிற்றுவிக்க 1898இல் நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்கால வகுப்பு நடந்தது. பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளியாக வளர்ந்தது அந்த வகுப்புதான்.

1915இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர், சமூகப் பணியைத் தனித் தொழில்துறை என்று ஏற்க முடியாது, அதற்கென்று சொந்த முறையியல் இல்லை என்றார். இரண்டே ஆண்டுகளில், 1917இல், மேரி ரிச்மண்டின் புத்தகம் வந்தது. அதன் தலைப்பு, 'சமூக நோயறிதல்', மருத்துவத்திலிருந்து கடன் வாங்கியது. உறவினர், அண்டை வீட்டார், முதலாளி, பள்ளி ஆசிரியர் என எல்லோரிடமும் விசாரித்துச் சான்று திரட்டச் சொன்னது அது. குடும்பம் 'கேஸ்' ஆயிற்று. இதை எழுதிய ரிச்மண்ட் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஃபூக்கோவை ஒட்டிச் சிந்தித்த ழாக் தொன்சலோ 1977இல் பிரெஞ்சுக் குடும்பத்தைப் பற்றி எழுதியபோது, அதிகாரம் குடும்பத்தை வெளியிலிருந்து அடக்குவதைவிட, தாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குடும்பத்தின் வழியாகவே இயங்குவதைக் காட்டினார். அமெரிக்கக் கதைக்கும் இது பெரிதும் பொருந்தும். ஆனால் 'கண்காணிப்பு' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வது நம் சோம்பேறித்தனம். அந்தக் கோப்பின் வழியாகத்தான் குழந்தைக்குப் பாலும், குளிருக்கு நிலக்கரியும் வந்தன. அதிகாரமும் உதவியும் ஒரே கதவைத் தட்டிக்கொண்டு வந்தன என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கல் வெடித்தது 1960களில். 1964இன் பொருளாதார வாய்ப்புச் சட்டம், வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஏழைகளே இயன்ற அளவு முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு, 1965இல், இரண்டு பிரதிகள் வெளிவந்தன. மொய்னிஹானின் அரசு அறிக்கை, கறுப்பினக் குடும்பத்தின் அமைப்பிலேயே சீர்குலைவைக் கண்டது. ஆர்தர் பேர்லும் ஃபிராங்க் ரீஸ்மனும் எழுதிய நூல், ஏழைகளையே சேவைப் பணிகளில் அமர்த்தச் சொன்னது. ஒன்றில் ஏழை நோயாளி. மற்றொன்றில் வேலை தெரிந்த ஆள்.

இரண்டாவது பார்வையை நடைமுறையில் சோதித்தது, 1964இல் ஆட்ரி கோஹனும் தோழர்களும் நியூயார்க்கில் தொடங்கிய பெண்கள் திறன் படை. வருமானம் குறைந்த பகுதிப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பள்ளிகளிலும் சமூக நிறுவனங்களிலும் உதவிப் பணியாளர்களாக்கியது அது. படிவத்தில் பதியப்படும் நிலையில் இருந்தவர்கள் மேசையின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்த இடம் உதவியாளர் நாற்காலி. பட்டம் இல்லாமல் அதற்கு மேல் நகர முடியாது. சமூகப் பணியிலோ 1974 வரை முதுகலைப் படிப்புக்கு மட்டுமே தொழில்முறை அங்கீகாரம். ஆகவே அந்த அமைப்பே 1970இல் மனித சேவைக் கல்லூரியாகிப் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது.

இதை வெற்றி என்பதா, சமரசம் என்பதா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெண்களுக்குப் பட்டம் ஓர் ஏணி. ஏணி கிடைத்தவரைப் பார்த்து 'நிறுவனமயமானாய்' என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். ஆனால் அனுபவமே தகுதி என்று தொடங்கிய ஒன்று, அனுபவத்துக்கும் சான்றிதழ் கேட்கும் இடத்தில் வந்து நின்றது. 'உனக்குத் தெரியும், சரி. பேப்பர் எங்கே?'

இது அவர்கள் கதை மட்டுமல்ல. நம் நாட்டின் முதல் சமூகப் பணிப் பள்ளி 1936இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியபோது, அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி. அது பட்டதாரிகளுக்கான பள்ளி. வாசல் மேலிருந்துதான் திறந்தது. இன்றும் எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 'குடும்பத்தில் எத்தனை பேர்?' என்று ஆரம்பிக்கிறார். பதில் சொல்கிற அம்மாவுக்கு அந்தத் தெருவே அத்துப்படி. அவரிடம் கேள்விகள் மட்டும் கேட்கப்படுகின்றன. கேள்வித்தாளைத் தயாரிக்க யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.