தடியாகக் கடல் தாண்டிய மரவள்ளி

மரவள்ளிக்கு விதை தேவையில்லை. ஒரு சாண் தடியை வெட்டி மண்ணில் ஊன்றினால் துளிர்த்துவிடும். கப்பலேற இதைவிட வசதியான பயிர் கிடையாது.

அமேசன் காட்டின் தென்விளிம்பு அதன் பிறந்தகம். அங்கிருந்து கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோனவர்கள் பழங்குடிகள். 1492இல் கொலம்பஸ் கியூபாவில் கரையிறங்கியபோது தைனோ மக்கள் கிழங்கைத் துருவி, நீண்ட நெய்த பையில் திணித்து, இழுத்துப் பிழிந்து, நஞ்சுச் சாற்றை வடித்துவிட்டு, மாவை மண்தட்டில் ரொட்டியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கசாபே என்ற அந்த ரொட்டி மாதக்கணக்கில் கெடாது. ஸ்பானியர் அதையே கட்டுச்சோறாக ஏற்றிக்கொண்டு அடுத்த நாடுகளைப் பிடிக்கப் போனார்கள். சோறு போட்ட தைனோக்களின் கதி ஊரறிந்தது. கசாபே சுடும் கலையை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது 2024இல்தான்.

நம் பக்கம் கிழங்கு வந்தது வேறு தடத்தில். பிரேசிலிலிருந்து மொரீசியஸ், அங்கிருந்து 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப் இலங்கைக்குத் தருவித்தார். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலுள்ள நயினாதீவுக்குத் தங்கள் ஊரின் பெயரால் ஹார்லெம் என்று பெயர் வைத்த அதே ஒல்லாந்தர்.

தடி வந்தது, துருவிப் பிழியும் வித்தை அதனோடு வரவில்லை. வந்தாலும் தீவுப்பகுதிக்கு அது புதிதாக இருந்திராது. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்த ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கசப்பை வடித்த பிறகே இங்கே அடுப்பில் ஏற்றுவார்கள். நெல் அரிதாகவும் பனை தாராளமாகவும் உள்ள மண்ணில் அந்தக் கைப்பக்குவம் வராமல் இருக்குமா? மரவள்ளி வந்து அமர்ந்தது அந்த ஒடியலுக்குப் பக்கத்தில்தான். ஒடியல் கூழ்ப்பானைக்குள் நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயிற்றங்காய், முருங்கையிலை, பழப்புளி ஆகியவற்றோடு அதுவும் துண்டு துண்டாய் வேகும். காரத்துக்கு அரைத்துவிடும் செத்தல் மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். கைப்பிடி அரிசி போடும் வீடுகள் உண்டு. தானியம் வேண்டாதவர்கள் அதை விட்டுவிட்டால் சரி.

1970களில் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில் அரிசி பங்கீட்டில் வந்தது, பாணுக்கு வரிசை நின்றது. நாடே மரவள்ளி தின்றது. அதனாலேயே இதைப் பஞ்சக் கிழங்கென்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் உண்டு. தானியம் தவிர்ப்போர் இன்று அதையே தேடி வாங்குவதைக் கண்டால் அவர்கள் என்ன சொல்வார்களோ!

கியூபாக்காரர் அவித்த மரவள்ளிமேல் உள்ளி, வெங்காயம், புளிப்புத் தோடம்பழச் சாறு கலந்த சூடான எண்ணெயை ஊற்றுவார்கள். மோகோ என்று பெயர். நம் தீவுப்பகுதியிலும் செய்யலாம்: தோலை நன்றாகச் சீவி, திறந்த பானையில் அவித்து, தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். நசுக்கிய உள்ளியை நல்லெண்ணெயில் பொன்னிறமாக்கி, இறக்கித் தேசிக்காய் பிழிந்து, கிழங்கின்மேல் விடுங்கள். பக்கத்தில் ஒரு முட்டைப்பொரியலும் முருங்கையிலை வறையும் கட்டாயம். ஏனென்றால் 100 கிராம் கிழங்கில் மாச்சத்து 38 கிராம், புரதமோ ஒன்றரைக் கிராம்கூட இல்லை. தானியமில்லை என்பதற்காக நீரிழிவுக்காரர் தட்டை நிரப்பிக்கொள்ளக் கூடாது.

மரவள்ளி தின்ற நாளில் இஞ்சி ஆகாது என்று நம் சமையலறைகளில் ஒரு விதி இருக்கிறது. உண்மையில் நஞ்சுக்கு மூலம் கிழங்கிலேயே உள்ள லினமரின் என்ற பொருள். இஞ்சியின்மேல் பழி விழுந்துவிட்டது. ஆனாலும் அம்மாமார் முன்னால் இதை வாதாடி வென்றவர் எவருமில்லை. அன்று இஞ்சி போடாத வெறுந்தேத்தண்ணிதான்.