பொழித் தகராறு

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் விவசாயி ஒருவர் வெளியூர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் சோளம் நிற்கிறது. மகனிடம் சொல்கிறார்: ‘எய்யா, மழை பெஞ்சா களையெடுத்திரு. யூரியாவப் போட்டிரு.’

மழை பெய்யவில்லை. மகன் இரண்டையும் செய்யமாட்டான். காய்ந்த மண்ணில் யூரியாவைக் கொட்ட அவனுக்கென்ன கிறுக்கா?

இதையே கம்ப்யூட்டரிடம் ‘சி’ மொழியில் அப்படியே எழுதிக் கொடுங்கள். களையெடுக்காது, ஆனால், யூரியாவைக் கொட்டிவிடும்! ஏனென்றால் அந்த மொழியில், நிபந்தனைக்கு அடுத்து வரும் ஒரே ஒரு கட்டளைதான் அதற்குக் கட்டுப்பட்டது. அதற்கடுத்தது சுதந்திரப் பிரஜை. இரண்டையும் கட்டிப்போட வேண்டுமா? சுற்றி நெளிவு அடைப்புக்குறி போடவேண்டும். காட்டைச் சுற்றி வரப்பு போடுகிற மாதிரி. கரிசலில் அதைப் ‘பொழி’ என்பார்கள்.

பொழி என்றாலே தகராறுதானே! 1957-ல் வந்த ஃபோர்ட்ரானில் இந்த வம்பில்லை. கணக்கின் விடை பூஜ்யத்துக்குக் கீழா, பூஜ்யமா, மேலா? மூன்று பாதை, அவ்வளவுதான். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி ‘சி’யை உருவாக்கினார். 1978-ல் கெர்னிகானும் அவரும் எழுதிய புத்தகத்தில், நிபந்தனை இருக்கும் வரியிலேயே அடைப்புக்குறி தொடங்கியது. ‘இல்லை, அடுத்த வரியில்தான் தொடங்கணும்’ என்றது இன்னொரு கோஷ்டி. ‘ஒரே ஒரு கட்டளைக்கு அடைப்புக்குறி எதுக்கு?’ என்றது மூன்றாவது கோஷ்டி. வெறும் ரசனைச் சண்டை என்றுதானே நினைக்கிறீர்கள்?

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசர அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. நீங்கள் பேசுவது நிஜமாகவே உங்கள் வங்கியின் தளத்தோடுதானா என்று சரிபார்க்கும் நிரலில், ‘தோல்விப் பகுதிக்குப் போ’ என்ற வரி தவறிப்போய் இரண்டு முறை இருந்தது. அடைப்புக்குறி இல்லை. முதல் வரி நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது? நம்ம யூரியா கதைதான்! எப்போதும் ஓடியது. முக்கியமான கையெழுத்துச் சோதனையைத் தாண்டிக் குதித்து, ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிட்டது. பார்வைக்கு இரண்டு வரியும் ஒன்றுபோல் உள்தள்ளி இருந்ததால் கண்ணில் படவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் அறிவித்த ‘ஸ்விஃப்ட்’ மொழியில் அடைப்புக்குறி கட்டாயம்.

1991-ல் வெளிவந்த பைத்தானில் உள்தள்ளலே பொழி. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில், நாம் பேசுகிற மாதிரியே நிபந்தனை முதலில் வரும், பிறகுதான் ‘ஆனால்’. கடைசியில் மறக்காமல் ‘முடி’ போடவேண்டும். எல்லை அங்கே தெளிவு.

1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் கண்ட கோவில்பட்டியில், 1984-லிருந்து பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கரிசல் பிள்ளைகள் இன்று நிரல் எழுதுகிறார்கள். ‘ஒத்தை வரிதானே, அடைப்புக்குறி எதுக்கு?’ என்று யாராவது கேட்டால், அவர்கள் ஊர்க்காரரே பதில் சொல்லிவிடுவார்:

‘பொழி நமக்கில்லப்பா. நாளைக்கு வேற ஒருத்தன் ஏர் பிடிச்சு வருவாம்லா, அவனுக்கு!’