மேடைக் கலைஞர் கேலிச்சித்திரம்: அசலறிதலும் மதிப்பீடும்

தமிழ்நாட்டில் மேடைக் கலைஞர்களின் கேலிச்சித்திரங்கள் பெரும்பாலும் பத்திரிகைக்கென வரையப்பட்டவை. 1930-களில் ஆனந்த விகடனில் சங்கீத வித்வான்களின் முகபாவங்களைச் சில கோடுகளிலே சிறைப்பிடித்த மாலியும், அவரைப் பின்தொடர்ந்த கோபுலுவும் (1924–2015) இத்துறையின் பிரதம கர்த்தாக்கள். மூலக்கொத்தளத்துக்குத் தெற்கே நீளும் வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகம் கண்ட வடசென்னைக் குடும்பமொன்றின் சுவரில், நடிகரின் மைச்சித்திரம் சட்டமிட்டுத் தொங்குமாயின், அது அசலா, பத்திரிகையிலிருந்து கத்தரித்த பிரதியா என்பதே முதல் வினா.

சட்டத்தைக் கழற்றாமல் அபிப்பிராயம் கூறுவது விவேகமன்று. அசலில் பென்சில் அடிக்கோடு, திருத்திய வெள்ளைப் பூச்சு, அச்சகத்தாருக்கான அளவுக் குறிப்பு ஆகியவை புலப்படும். அச்சுக்குச் சுருக்கப்படும் பொருட்டு அது வழக்கமாகப் பெரிதாகவே வரையப்பட்டிருக்கும். துத்தநாக பிளாக்கில் அச்சானதோ, பூதக்கண்ணாடியில் கோட்டின் விளிம்பில் மை பிதுங்கி நிற்பதாலும், பின்புறம் தாள் சற்றே புடைத்திருப்பதாலும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். புற ஊதா ஒளியில் நீலமாய்ப் பிரகாசிக்கும் தாள், 1950-ஐ ஒட்டிப் பரவிய வெண்மையூட்டியைக் கொண்டதாகையால், 1930-களின் சித்திரமென்னும் உரிமைக் கோரிக்கையை ஐயத்துக்குள்ளாக்கும். கையொப்பமோ, போலி செய்வதற்கு எளிதாகையால், கடைசிச் சாட்சியமே. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களிலுள்ள பழைய இதழ்த் தொகுதிகளோடு ஒப்பிடுதல் அதனினும் நம்பகமானது.

விலை நிர்ணயத்தில் வரைந்தவர் பெயர், வரையப்பட்டவர் கீர்த்தி, கடற்காற்றின் ஈரத்தால் தாளில் படிந்த பழுப்புப் புள்ளிகள் யாவும் கணக்கில் வரும். நூறாண்டு நிறையாத சித்திரம் 1972-ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகாது. அதனை வாங்கியவருக்கு மறுபதிப்புரிமை தானாகச் சேர்வதுமில்லை.