ஐஎஸ்டி பூத்தும் சித்தப்பாவின் நிமிடங்களும்

அக்கா மகள் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குக் கிளம்பினாள். வீட்டில் சாஃப்ட்வேர் ஆள் நான்தான் என்பதால், "போன் விஷயத்தை நீ பாத்துக்கோ" என்று என் தலையில் கட்டினார்கள். ஸ்ரீரங்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். பேச வாட்ஸப். போய் இறங்கியதும் ஒரு ப்ரீபெய்டு சிம். 2017 முதல் அங்கே பாஸ்போர்ட் காட்டி அடையாளத்தை உறுதிசெய்தால்தான் அது உயிர்பெறும்.

தலைவலி இந்திய எண்ணில்தான். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். டிராய் விதிப்படி 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம். கல்விக்கடன் கணக்கே அந்த எண்ணில் தொங்குகிறது. ரோமிங்கை இயக்கிவிட்டு, ரீசார்ஜ் தேதியை அக்கா போனில் நினைவூட்டலாகப் போட்டுக் கொடுத்தேன்.

"பேசறதுக்கு எவ்வளவு ஆகும்?" என்று பாட்டி கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது பாட்டி. நெட் இருந்தா போதும்."

பாட்டி நம்பவில்லை. லீவுக்கு வந்திருந்த சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கு ஆச்சு" என்றார்.

சித்தப்பா துவாக்குடி ஆர்.இ.சி.யில் (இன்றைய என்.ஐ.டி.) படித்துவிட்டு 1998-ல் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனவர். அப்போது எங்கள் வீட்டு போனில் ஐஎஸ்டி கிடையாது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சித்திரை வீதி முனையில் இருந்த பூத்துக்குப் போவார். மஞ்சள் பலகை, கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஓடும் சிவப்பு எண்கள். அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் பேச ஐம்பது ரூபாய்க்கு மேல். ஆகவே பேச மாட்டோம். இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவோம். எடுக்காத அழைப்புக்குக் காசில்லை. பிறகு வீட்டுக்கு ஓடிவந்து காத்திருப்போம். சித்தப்பா இந்தியக் கடையில் வாங்கிய காலிங் கார்டிலிருந்து கூப்பிடுவார்.

ஏன் எப்போதும் அவரே கூப்பிட வேண்டும்? அங்கிருந்து மலிவு என்பது வீட்டில் சொன்ன பதில். ஒரே தொலைவுதானே, ஒரு பக்கம் மட்டும் எப்படி மலிவாகும் என்ற கேள்வி எனக்கு எஞ்சினியரிங் முடித்த பிறகுதான் வந்தது.

இந்தியாவிலிருந்து நேரடியாக டயல் செய்யும் முதல் வெளிநாட்டு இணைப்பு 1976-ல், பம்பாய்க்கும் லண்டனுக்கும் இடையே வந்தது. 1986-ல் வெளிநாட்டு அழைப்புகள் அனைத்தும் வி.எஸ்.என்.எல். என்ற ஒரே அரசு நிறுவனத்தின் கைக்குப் போயின. அந்தக் காலத்தில் இரு நாட்டு நிறுவனங்களும் பேசி நிமிடத்துக்கு ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். அழைப்பை அனுப்பும் நாடு, அதை வாங்கி வீடுவரை சேர்க்கும் நாட்டுக்கு அந்தக் கணக்கில் பணம் தர வேண்டும். அமெரிக்காவிலிருந்து இங்கே வந்த அழைப்புகள் மிக அதிகம். இங்கிருந்து போனவை குறைவு. எனவே டாலர் இந்தப் பக்கமே பாய்ந்தது.

வந்த பணத்தில் பெரும்பங்கு தொலைத்தொடர்புத் துறைக்குப் போயிற்று. எஸ்டிடி, ஐஎஸ்டி வருமானத்தைக் கொண்டுதான் மாத வாடகையையும் உள்ளூர் அழைப்பையும் அரசு குறைவாக வைத்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னால், பாட்டி எதிர்வீட்டு மாமியிடம் ஒண்ணேகால் ரூபாய்க்குள் மூன்று நிமிடம் பேசியதற்கு ஒரு பங்கு, சித்தப்பாவின் உதவித்தொகையிலிருந்து போயிருக்கிறது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. கிராமத்துக்கு போன் போக யாராவது பணம் தரத்தான் வேண்டும். ஆனால் தருகிறோம் என்பது தருகிறவர்களுக்குத் தெரியாது.

1997-ல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் இந்தத் தொகைக்கு உச்சவரம்பு போட்டது: பணக்கார நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், இந்தியா போன்ற குறைந்த வருமான நாடுகளுக்கு 23 சென்ட். அந்த அளவுக்கு இறங்கச் சில ஆண்டுகள் அவகாசமும் தந்தது. 2002 ஏப்ரலில் வி.எஸ்.என்.எல்.லின் தனியுரிமை முடிந்தது. அதே ஆண்டு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே புதிய கடலடிக் கேபிளும் வந்தது. கம்பி பெருத்தது, விலை சரிந்தது.

முழுதாகச் சரியவில்லை. கிராமப்புற இணைப்புகளின் நஷ்டத்தை ஈடுகட்ட ஏடிசி என்றொரு கட்டணம் முளைத்தது. 2004-ல் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் நாலேகால் ரூபாய். உடனே அதை ஏய்க்கும் கள்ளச் சந்தையும் முளைத்தது. வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாகக் கொண்டுவந்து, இங்கே ஓர் அறையில் வைத்து உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடுவார்கள். அந்த நாட்களில் சித்தப்பா கூப்பிட்டால் திரையில் ஏதோ முன்பின் தெரியாத இந்திய எண் வரும். "இவன் எப்ப டெல்லிக்குப் போனான்?" என்று பாட்டி பதறியிருக்கிறாள். 2008-ல் ஏடிசி ஒழிந்தது. 2003-ல் வந்த ஸ்கைப்பும், 2015-ல் வாட்ஸப் தந்த அழைப்பு வசதியும், மறு ஆண்டு ஜியோ இறக்கிய மலிவு டேட்டாவும் மிச்சத்தை முடித்துவைத்தன.

ஆக, நிமிடத்துக்கு விலை வைத்தது தூரம் இல்லை; ஒப்பந்தமும் வரியும். இதைத்தான் அன்று திண்ணையில் சித்தப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாத்தா விஷயம் ஞாபகம் இருக்கா?" என்றார்.

இருந்தது. 1999-ல் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. அன்று அப்பா இரண்டு ரிங் விடவில்லை; பேசினார். கூண்டுக்குள் அவர் காலருகே நான் நின்றிருந்தேன். எண்கள் நூற்றைம்பதைத் தாண்டின. சட்டைப்பையில் இருநூறு ரூபாய்தான். "கொஞ்சம் உடம்பு சரியில்லை, இப்ப பரவாயில்ல, நீ படி" என்று சொல்லி அப்பா வைத்துவிட்டார். முழு விவரமும் ஏரோகிராமில் எழுதினார். அது போய்ச் சேரும் முன்பே தாத்தா போய்விட்டார். அதன்பின் அண்ணன் தம்பி இருவரும் வருஷக்கணக்கில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஐஎஸ்டி மீட்டர்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று சித்தப்பாவிடமும் அதையே சொன்னேன்.

"மீட்டர் இல்லடா" என்றார். "அண்ணன் குரல்லயே எனக்குத் தெரிஞ்சுது. கார்டுல இருபது நிமிஷம் பாக்கி இருந்தது. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டா கிளம்பி வரணும். டிக்கெட்டுக்குப் பணமில்ல. அதான் கேக்கல."

அப்பா உள்ளே ஈஸிசேரில் இருந்தார். காது கேட்டதா, தெரியாது.

அக்கா மகள் போய் மூன்று மாதமாகிறது. தினம் வீடியோவில் வருகிறாள். பணமே ஆவதில்லை. "எல்லாம் ஓகே மாமா" என்கிறாள். போன வாரம் அவள் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டேன்.